அளந்து புழங்கும் படகு வீடு

ஜனவரி மாதக் காலையில், இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் குடியிருப்பவர்கள் எழுந்ததும் முதலில் பார்ப்பது அடுப்பை. இரவு படுக்கும் முன் நிலக்கரியைப் போட்டு, காற்றுத் துவாரத்தை முக்கால்வாசி மூடிவைத்த அடுப்பில் கனல் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் பிழைத்தோம். சாம்பலைக் கிளறிவிட்டு, துவாரத்தைத் திறந்து, மேலே நாலு கரித்துண்டு போட்டால் சற்று நேரத்தில் அறை சூடேறிவிடும். அணைந்து போயிருந்தால், விடுகிற மூச்சு புகையாகத் தெரிகிற குளிரில் குந்தி உட்கார்ந்து, காகிதம், சுள்ளி, தீக்குச்சி என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பிறகு தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, கழிப்பறைப் பெட்டி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் தேநீர்.

நேரோபோட் என்று அழைக்கப்படும் இந்தப் படகுகளின் அகலம் 6 அடி 10 அங்குலம். நீளம் 30 அடியிலிருந்து 70 அடி வரை இருக்கும். நின்றுகொண்டு இரண்டு கையையும் நீட்டினால் இரு பக்கச் சுவரும் ஏறக்குறைய எட்டிவிடும். இந்த அளவை வீடு கட்டுபவர்கள் யாரும் தீர்மானிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜேம்ஸ் பிரிண்ட்லி முதலான பொறியாளர்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய்கள் வெட்டியபோது, படகுகளை மேட்டில் ஏற்றியிறக்கும் 'லாக்' எனப்படும் கல்தொட்டிகளைச் சுமார் 7 அடி அகலத்தில் கட்டினார்கள். செலவும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அந்தத் தொட்டிக்குள் நுழைகிற படகுதான் அந்தக் கால்வாய்களில் ஓட முடியும். நிலக்கரியும் பீங்கானும் இரும்பும் சுமந்த காலம் போய், மனிதர்கள் குடியிருக்கிற காலம் வந்த பிறகும் அளவு மாறவில்லை.

சரக்குக் காலத்திலேயே படகு சிலருக்கு வீடாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து கால்வாய்க் கூலியைக் குறைத்ததும், கரையில் வீட்டு வாடகையும் கொடுத்து, படகில் ஆளும் வைத்துக் கட்டுப்படியாகாத படகோட்டிகள் பலர், மனைவி மக்களையே கூட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். 70 அடிப் படகில் சரக்குக்குப் போக மிஞ்சியது பின்பக்கத்தில் சுமார் 10 அடி நீளமுள்ள ஓர் அறை. அதில் அடுப்பு, மடக்கினால் அலமாரி, இறக்கினால் மேசை, குறுக்கே போட்டால் கட்டில். அதற்குள் ஒரு குடும்பம். குடிதண்ணீருக்குக் கூரைமேல் ரோஜாவும் கோட்டையும் வரைந்த தகரக் குடம். இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடமே பார்க்காமல் வளர்கிறார்கள் என்று கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் விடாமல் போராடியதன் விளைவாக, 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதற்கு வரம்பு வைத்து, படகுகளைக் குடியிருப்பாகப் பதிவு செய்ய வைத்த சட்டம் அது.

1962 டிசம்பரில் தொடங்கிய கடுங்குளிரில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தன. ஏற்கெனவே தேய்ந்து கொண்டிருந்த சரக்குப் போக்குவரத்து அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. கால்வாய்கள் தூர்ந்து போகாமல் தப்பியதில், படகில் வாழ விரும்பி வந்த வெளியாட்களுக்கும் பங்கு உண்டு. எல்.டி.சி. ரோல்ட் என்ற பொறியாளர் அதற்கு முன்பே, 1939இல், 'கிரெஸ்ஸி' என்ற பழைய படகை வீடாக மாற்றிக்கொண்டு பயணம் போனார். 1944இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தைப் படித்தவர்கள் ஒன்றுகூடி, 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழியைக் கால்வாய் ஆற்று அறக்கட்டளை 2012லிருந்து பராமரிக்கிறது. அதில் ஆயிரக்கணக்கானோர் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் உண்டு; லண்டன், ஆக்ஸ்போர்டு, பாத் போன்ற ஊர்களில் வாடகை கொடுத்து மாளாமல் படகுக்கு வந்த இளைஞர்களும், சிறு குழந்தைகளை வைத்திருக்கும் தாய் தந்தையரும் உண்டு.

வீட்டில் குழாயும் கம்பியும் நம் கண்ணுக்குத் தெரியாமல் செய்து முடிக்கிற வேலையை, படகில் ஆள்தான் செய்தாக வேண்டும். தண்ணீர், வெளிச்சம், சூடு, கழிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரம், அந்தப் பாத்திரத்துக்கு ஓர் அளவு. அந்த அளவைத் தெரிந்து வைத்திருப்பவர் சௌகரியமாக வாழ்கிறார். தெரியாதவர் முதல் குளிர்காலத்திலேயே படகை விற்கப் பார்க்கிறார்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். தொட்டி பெரும்பாலும் படகின் முன்மூக்கில் இருக்கும். பொதுவாக 300 முதல் 600 லிட்டர் வரை கொள்ளும். கரையோரம் ஆங்காங்கே அறக்கட்டளை வைத்திருக்கும் குழாய்களில் ஹோஸ் மாட்டி நிரப்ப வேண்டும். எல்லாக் குழாயிலும் ஒரே வேகத்தில் தண்ணீர் வருவதில்லை. சில இடங்களில் தொட்டி நிரம்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். பின்னால் இரண்டு படகு காத்திருக்கும். உடம்பை நனைத்ததும் ஷவரை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். பாத்திரம் கழுவ ஓடுகிற குழாய் கிடையாது, ஒரு பேசின் தண்ணீர்தான். தொட்டி காலியாகக் காலியாக முன்மூக்கு மேலே எழும்பும். தரை லேசாகச் சாய்வதை வைத்தே, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். உறைபனி வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், முதல் வேலை தொட்டியை நிரப்பி வைப்பது. உறைந்துபோன குழாய் எப்போது இளகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியூர் போகிறவர்கள் படகுக்குள் ஓடும் குழாய்களில் சொட்டு நீர் இல்லாமல் வடித்துவிட்டுப் போகிறார்கள். இல்லாவிட்டால் நீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும்.

கழிப்பறை பற்றிப் படகுக்காரர்களிடம் கேட்டால், தயங்காமல் நெடுநேரம் பேசுவார்கள். மூன்று வழிகள் உள்ளன. முதலாவது கேசட்: இருக்கைக்குக் கீழே சுமார் 20 லிட்டர் கொள்ளும் பெட்டி. இரண்டு பேருக்கு மூன்று நாலு நாள் வரும். நிரம்பியதும் கையில் தூக்கிக்கொண்டோ, சிறு தள்ளுவண்டியில் வைத்தோ கரையிலுள்ள கழிவு வாங்கும் இடத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டி, அலசி, மருந்து ஊற்றித் திரும்ப மாட்ட வேண்டும். இரண்டாவது, படகின் அடியிலேயே பெரிய தொட்டி. சில வாரங்களுக்கு ஒருமுறை படகுத்துறையில் பணம் கட்டி இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கால்வாய் உறைந்து படகு நகர முடியாமல் போனால் இவர்கள் பாடு திண்டாட்டம். கேசட்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடுவார். மூன்றாவது, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் உலர் கழிப்பறை. பிரித்து வைப்பதால் நாற்றம் குறைவு, தண்ணீரும் தேவையில்லை. ஆனால் மட்கி முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அத்தனை நாள் வைத்திருக்கச் சின்னப் படகில் இடம் எங்கே என்பதுதான் கேள்வி. மட்காததைக் கரையோரக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது என்று அறக்கட்டளை உறுதியாகச் சொல்கிறது.

மின்சாரமும் இப்படித்தான். கரையில் நிரந்தர இடமும் மின் இணைப்பும் வாங்கியவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்களுக்குக் கூரைமேல் சூரியத் தகடு, கீழே 12 வோல்ட் பேட்டரிகள். ஈய-அமில பேட்டரியாக இருந்தால் பாதிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. அடிக்கடி இறங்கினால் உள்ளே இருக்கும் தகடுகளில் உப்புப் படிந்து, பேட்டரி சீக்கிரமே செத்துவிடும். லித்தியம் பேட்டரி இன்னும் ஆழமாக இறங்கத் தாங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. அதனால் குளிர் தாக்காத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் லண்டனில் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல்; ஃபிரிட்ஜ் ஓட்டி, மடிக்கணினி சார்ஜ் செய்து, மிச்சமும் இருக்கும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான். அதுவும் சாய்வான வெயில், பாதி நாள் மேகம். அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். படகைக் கட்டிவைத்திருக்கும்போது இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை எஞ்சின் ஓட்டக்கூடாது என்று விதி. அதனால் வேலைக்குப் போகிறவர் மாலையில் ஆறு மணிக்குத் திரும்பினால், சமையலுக்கு முன்னால் எஞ்சின் சாவியைத்தான் திருப்புவார். பல குடும்பங்கள் குளிர்காலத்தில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, பாலையும் வெண்ணெயையும் முன்தளத்தில் ஒரு பெட்டியில் வைத்துவிடுகின்றன.

அடுப்புக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் படகின் உயிரும் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன. டென்மார்க்கின் மோர்ஸோ நிறுவனம் வார்க்கும் 'ஸ்குவிரல்' என்ற சிறு வார்ப்பிரும்பு அடுப்பு இந்தப் படகுகளில் பிரபலம். எரிப்பது புகையில்லா நிலக்கரி. 20, 25 கிலோ மூட்டைகளாக வரும். கூரைமேல் அடுக்கி வைப்பார்கள். வெளியே பனி பெய்து கொண்டிருக்க, உள்ளே அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்க வைக்கும் அளவுக்குச் சூடு தரக்கூடியது. ஆனால் நிலக்கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைபட்ட புகைபோக்கி, வெடித்த கதவுக் கண்ணாடி, தேய்ந்துபோன கதவுக் கயிறு, இவற்றில் ஒன்று போதும், தூங்குகிறவர் எழுந்திருக்காமல் போக. சூடான சாம்பல் தட்டை உள்ளேயே ஓரமாக வைப்பதும் இதே ஆபத்துதான். கனல் தெரியாத சாம்பலிலிருந்தும் அந்த வாயு வரும். அதனால்தான் சாம்பல் உடனே வெளியே போகிறது. படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தே தீர வேண்டும் என்று 2019 ஏப்ரலில் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். புகைபோக்கியைக் குளிர்காலம் முழுவதும் அவ்வப்போது தூரிகை விட்டுத் துலக்க வேண்டும். இந்த வேலையை ஒத்திப்போட்டு உயிரிழந்தவர்கள் கால்வாயில் உண்டு. ஐந்து நிமிட வேலைக்காக அப்படி நேரக்கூடாது.

சூடு இருந்தால் மட்டும் போதாது, ஈரத்தையும் விரட்ட வேண்டும். இரும்புச் சுவர், சின்ன அறை. சமையல் ஆவி, குளியல் ஆவி, காயப்போட்ட துணி, ஆட்களின் மூச்சு எல்லாம் குளிர்ந்த சன்னல் சட்டத்தில் நீராகப் படிந்து வழியும். மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இல்லையென்றால் ஒரே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை. அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பு பச்சை பூக்கும். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைக்கத்தான் புதிதாக வந்தவருக்குக் கை போகும். அதுவே ஈரத்தையும் கூட்டும், வாயு ஆபத்தையும் கூட்டும். பழகியவர்கள் அடுப்பை எரியவிட்டுக்கொண்டே சன்னலை ஓரங்குலம் திறந்து வைக்கிறார்கள். காலையில் சன்னல் நீரைத் துணியால் துடைத்துப் பிழிவது, பல படகுகளில் பல் துலக்குவதற்கு முந்திய வேலை.

சமையல் வாயு முன்மூக்கில், தனி அறையில் இருக்கும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, அடியில் போய்த் தேங்கும். ஒரு பொறி பட்டால் படகே வெடிக்கும். அதனால் சிலிண்டர் அறையின் அடியில் துளையிட்டு, கசிவு கால்வாய்ப் பக்கம் வெளியேறும்படி கட்டுகிறார்கள். பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது என்பதால் படகுக்காரர்கள் வாங்குவது புரொப்பேன்.

எஞ்சின் அறைக் கதவைத் தூக்கினால் இன்னொரு வேலைப் பட்டியல் காத்திருக்கும். டீசல் எஞ்சின் பலவற்றுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். பேட்டரிக்காகத் தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினாலே நான்கு மாதத்தில் அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. படகு ஒரு மைல்கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. டீசல் தொட்டியைக் குளிர்காலத்தில் காலியாக விட்டால், உள்ளே காற்றிலுள்ள ஈரம் நீராகி அடியில் தங்கும். நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புச் சகதியாகி, ஃபில்டரை அடைக்கும். ஆகவே டீசலை நிரப்பி வைத்துக்கொண்டே குளிரை எதிர்கொள்வது வழக்கம்.

படகை நகர்த்தும் விசிறியின் தண்டு, படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறது. அந்தத் துளையில் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது கிரீஸ் தோய்ந்த திரிகள். ஒவ்வொரு நாளும் பயணம் முடிந்ததும், கிரீஸ் குழலின் பித்தளைத் திருகை ஒரு சுற்று, இரண்டு சுற்று, கை இறுகும் வரை திருப்புவார்கள். சொட்டுவது நிற்கும். இதை மறந்தவர் காலையில் அடித்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைப் பார்ப்பார். பேட்டரி தீர்ந்து, தண்ணீரை இறைக்கும் பம்பும் நின்றிருந்தால் அதைவிட மோசமானதைப் பார்ப்பார்.

அந்த விசிறிக்கு நேர் மேலே, எஞ்சின் அறையிலேயே, திருகி மூடிய ஒரு பெட்டி உண்டு. நகரங்கள் வழியாகப் போகிறவர் அதைத் திறக்காமல் போவது அரிது. படகு திடீரென்று இழுக்கத் திணறும், எஞ்சின் சத்தம் மாறும். உடனே கரையோரம் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கை விசிறியில் இருக்கும்போது வேறு யாராவது எஞ்சினைக் கிளப்பிவிட்டால் விரல்கள் போய்விடும். பிறகு மூடியைக் கழற்றிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, கையைத் தோள் வரை பனிநீரில் விட்டுத் துழாவ வேண்டும். பிளாஸ்டிக் பை, கயிறு, மிதிவண்டி டயர், பழைய கோட்டு, மெத்தையின் ஸ்பிரிங் என்று எது வேண்டுமானாலும் சிக்கியிருக்கும். ரம்பப் பல் கத்தியும் கம்பி வெட்டியும் பக்கத்திலேயே இருக்கும். மேற்கு லண்டனில் இந்தியர்கள் நிறைய வாழும் சவுத்ஹால் வழியாகக் கால்வாய் போகிறது. அங்கே பூஜை செய்து நீரில் விட்ட தேங்காய்கள் மிதந்து வருவதைப் படகுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். தேங்காய் ஒதுங்கிப் போய்விடும். அதோடு சேர்த்து விடுகிற துணிதான் விசிறியைச் சுற்றிக்கொள்கிறது. எல்லாம் வெட்டியெடுத்த பிறகு மூடியைச் சரியாகப் பொருத்தித் திருக வேண்டும். அரைகுறையாக மூடிவிட்டு எஞ்சினைக் கிளப்பினால், விசிறி கலக்கும் நீர் அந்த வழியாகவே மேலே பொங்கி உள்ளே கொட்டும். மிதக்கிற வீடு இப்படியும் முழுகியிருக்கிறது.

படகின் உடம்பு எஃகு. வழக்கமான கணக்கு: அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6, அறைச் சுவரும் கூரையும் 4. அந்த 10ஐயும் 6ஐயும் காப்பாற்றுவதுதான் படகுப் பராமரிப்பில் பெரிய செலவு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். நீரை வடித்துவிடும் உலர்துறைக்குள் ஓட்டிப் போகலாம், இல்லாவிட்டால் கிரேன். குடும்பம் அந்த ஒரு வாரம் மரக்கட்டைகள்மேல் நிற்கும் வீட்டில் ஏணி வைத்து ஏறியிறங்குகிறது, அல்லது நண்பர் வீட்டில் தங்குகிறது. உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிப் பாசியையும் சிப்பியையும் கழுவுவார்கள். துருக்குழிகளைச் சுரண்டுவார்கள். காய்ந்ததும் தார்ப்பூச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று தடவை. நீர்மட்டக் கோட்டில் ஒரு தடவை கூடுதல். காற்றும் நீரும் மாறி மாறிப் படுகிற அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கிறது. எப்பாக்ஸி பூசினால் அதைவிடப் பல ஆண்டு கூடுதலாக வரும், விலையும் அதற்கேற்ப.

அப்போதே பக்கவாட்டில் பற்றவைத்திருக்கும் மெக்னீசியக் கட்டிகளையும் பார்ப்பார்கள். எஃகைத் தின்ன வேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அந்தக் கட்டிகளின் வேலை. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதியது. படகுத்துறையில் கரை மின்சாரத்தில் இணைத்திருக்கும் படகுகளுக்கு அரிப்பு அதிகம். எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து நீருக்குள் ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அதைத் தடுக்கும் கருவியை மாட்டாதவர்கள் சில ஆண்டுகளில் தகட்டில் குழி பார்க்கிறார்கள். பழைய படகை வாங்குமுன் சர்வேயர் அல்ட்ராசவுண்டு கருவியை வைத்துத் தகட்டின் கனத்தை அளப்பார். 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால், மேலே புதுத் தகடு பற்றவைத்தால்தான் காப்பீடு என்று பல நிறுவனங்கள் சொல்லிவிடும். ஓவியம் தீட்டிய கதவையும் பளபளக்கும் பித்தளையையும் பார்த்து முன்பணம் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனையும் படகு ஒரே இடத்தில் நின்றாலே செய்ய வேண்டியவை. நிரந்தர இடம் வாங்க வசதியில்லாதவர்களும், வேண்டாம் என்பவர்களும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தர இடம் இல்லாத படகு ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. நோய், பிரசவம், பழுது போன்ற நியாயமான காரணம் இருந்தால் கூடுதல் நாள் கேட்கலாம். அதே இரண்டு இடங்களுக்கிடையே மாறி மாறிப் போனாலும் அதிகாரிகள் ஒப்புக்கொள்வதில்லை. பயணம் உண்மையான பயணமாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 4 மைல், நடக்கிற வேகம்தான். வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறில் படகை நகர்த்திவிட்டு, காரையோ மிதிவண்டியையோ எடுத்துவரப் பழைய இடத்துக்குத் திரும்ப நடக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் ஒவ்வொரு இரண்டு வாரமும் பள்ளிக்கூடம் இன்னும் எவ்வளவு தூரம் என்ற கணக்கு.

வழியில் லாக் வந்தால் இறங்கி வேலை செய்ய வேண்டும். விண்ட்லஸ் என்ற இரும்புக் கைப்பிடியால் மதகைச் சுற்றித் திறந்தால் தொட்டி நிரம்பும் அல்லது வடியும். மட்டம் சமமான பிறகே கதவு நகரும். ஒரு குறுகிய லாக் ஒருமுறை வடிந்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. டிவைசஸ் ஊரில் 29 லாக்குகள் அடுத்தடுத்து. அதில் 16 ஒரே நேர்க்கோட்டில் மேடேறுகின்றன. அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு பகல் பிடிக்கும். கீழிறங்கும்போது மேல்கதவையொட்டி நீருக்கடியில் நீண்டிருக்கும் கல்விளிம்பில் படகின் பின்பாகம் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடிய வடிய முன்பாகம் மட்டும் இறங்கி, சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். அந்த விளிம்பு எங்கே முடிகிறது என்று பெரும்பாலான லாக்குகளில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். தேநீர்க் கோப்பை கையிலிருந்தாலும் கண் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காகப் பல லாக்குகளை மூடிவிடுவதால், குளிர்காலம் எங்கே என்பதைக் கோடையிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

இந்த வாழ்க்கையைத் தாங்கி நிறுத்துவதில் எரிபொருள் படகுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய சரக்குப் படகுகளில் நிலக்கரி, டீசல், வாயு சிலிண்டர், சுள்ளிக்கட்டு ஏற்றிக்கொண்டு, குறித்த நாளில் கால்வாய் நெடுகப் போய் வீட்டு வாசலிலேயே விற்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பனிக்கட்டி மெல்லியதாக இருந்தால் அதை உடைத்துக்கொண்டுகூட வருவார்கள். காரில்லாத முதியவர் ஒருவருக்கு ஜனவரியில் அந்தப் படகுதான் வெளியுலகம். முகவரி இல்லாததால் வரும் தொல்லைகள் தனி. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் வீட்டு எண் கேட்கின்றன. ஆனால் முகவரிச் சான்று இல்லாமலேயே மருத்துவரிடம் பதியலாம். உள்ளூர்த் தொடர்பை அறிவித்து வாக்காளராகவும் சேரலாம்.

செலவு குறைவு என்று நம்பி வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி. உரிமக் கட்டணம், காப்பீடு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், தார்ப்பூச்சு, நிலக்கரி, டீசல், பேட்டரி எல்லாம் கூட்டினால், லண்டன் வாடகையைவிடக் குறைவுதான். சும்மா கிடைப்பது அல்ல. நிரந்தர இடமில்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரலில் 5 சதவீதம் கூடுதல் கட்டணம் விதித்து, அதை ஆண்டுதோறும் உயர்த்தி 2028இல் 25 சதவீதமாக்கத் திட்டமிட்டிருக்கிறது அறக்கட்டளை. 200 ஆண்டுப் பழைய கரைகளையும் அணைகளையும் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது; அரசு 2027லிருந்து 10 ஆண்டுகளுக்கு அறிவித்திருக்கும் சுமார் 40 கோடி பவுண்டு, விலைவாசியை வைத்துப் பார்த்தால் இப்போதைவிடக் குறைவு என்று அறக்கட்டளை சொல்கிறது. ஆனால் அந்தச் சுமையில் அதிகப் பங்கை, கரையில் இடம் வாங்க வக்கில்லாதவர்கள் தலையில் வைப்பது சரியல்ல. ஆண்டு முழுவதும் கால்வாயில் இருப்பவர்கள் அவர்கள்தான். கரை கசிந்தாலும் மதகு உடைந்தாலும் முதலில் கண்ணில் படுவதும் அவர்களுக்குத்தான்.

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு இத்தகைய படகை ஒரு வாரம் வாடகைக்கு எடுக்கலாம். ஓட்ட உரிமம் தேவையில்லை, கிளம்பும் முன் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். படகில் குடியேறும் எண்ணம் இருப்பவர்கள் கோடையில் அல்ல, குளிர்காலத்திலும் வாடகைக்கு விடும் இடமாகப் பார்த்து ஜனவரியில் ஒரு வாரம் இருந்து பாருங்கள். எப்போது போனாலும், கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சின் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். வேகமாகப் போனால் நீர் இழுத்து, அந்தப் படகு முன்னும் பின்னும் ஆடும்; கட்டுக்கயிறு அறுந்து முளைகூடப் பிடுங்கிக்கொள்ளும். உள்ளே யாரோ ஒருவர் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருப்பார்.